புதுச்சேரிக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: ஊரைச் சுற்றும் வழி

பாண்டியில் வழி தவறுவது கஷ்டம். ஊரின் நடுப்பகுதி முட்டை வடிவம், வீதிகள் கட்டம் கட்டமாக ஓடும். கிளம்பும் முன் இந்தப் படத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: கிழக்கே கடல், மேற்கே அண்ணா சாலை, வடக்கே படேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை. நடுவில் வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பகுதி, மேற்கே தமிழர் பகுதி.

முதலில், புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோவுக்கு அவசரப்படாதீர்கள். வெளியே நடுப்பகுதிக்கு ஷேர் டெம்போக்கள் ஓடும். "ராஜா தியேட்டர் போகுமா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஆட்டோவேதான் வேண்டுமென்றால் கட்டணத்தைப் பேசிவிட்டு உட்காருங்கள். பேசாமல் ஏறி, இறங்கும்போது வாக்குவாதம் செய்த அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்தது நடை. இதற்கு ஒரு நாள் முழுதும் ஒதுக்குங்கள், வீண்போகாது. ராஜா தியேட்டர் சிக்னலிலிருந்து நேரு வீதியில் கிழக்கே நடந்தால் வாய்க்கால் வரும். தாண்டியதும் இரைச்சல் குறைந்து, மஞ்சள் சுவர்கள் மேல் காகிதப்பூ தொங்கும். முனைகளில் உள்ள நீலப் பலகைகளை நின்று படியுங்கள். ஒரே வீதியின் பெயர் தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கும். துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் பிறகு வழி கேட்பது சுலபம்.

கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. ஸ்கூட்டரை முன்பே உள்வீதியில் நிறுத்திவிட்டு, காந்தி சிலையிலிருந்து தெற்கே நடந்து வாருங்கள். காற்றும் பாறையில் அலை மோதும் ஓசையும்தான் துணை.

ஊருக்கு வெளியே போக வாடகை ஸ்கூட்டர் வசதி. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியாகப் பார்த்து எடுங்கள், ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். கிளம்பும் முன் பழைய கீறல்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே கடலூர் சாலையில் அரிக்கமேடும் சுண்ணாம்பாறு படகுத்துறையும் இருக்கின்றன. 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் இன்று பார்க்க அதிகமில்லை. ஆனாலும் ரோமானியரோடு வணிகம் நடந்த ஆற்றங்கரையில் நிற்பதற்காகவே நான் ஒவ்வொரு முறையும் போகிறேன்.

காரைக்காலும் இதே யூனியன் பிரதேசம்தானே என்று அரைநாளில் சேர்த்துவிடாதீர்கள். கடலூர், சிதம்பரம் தாண்டிப் போகவேண்டிய ஊர் அது. அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.