மறுபடி கணக்குப் படிக்க உட்காருகிறீர்களா? இதையெல்லாம் தவிருங்கள்

படிப்பை எந்த வகுப்பில் விட்டோமோ அதே வகுப்பிலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. பெரிய தவறும் அதுதான். பிளஸ் டூ வரை படித்தவர், இருபது வருஷம் கழித்து நேராகப் பதினோராம் வகுப்பு நுண்கணிதத்தை (கால்குலஸ்) திறக்கிறார். நாலாம் நாள் மூடிவிடுகிறார். ‘நமக்கு மூளை மழுங்கிப்போச்சு’ என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் எல்லை, வகையிடல் என்கிற நுண்கணிதப் பாடங்கள் எல்லாம் அவருக்குப் புரிந்துதான் இருக்கும். நடுவில் ஒரு கோவையைக் காரணிப்படுத்தி, அதாவது பெருக்கல் துண்டுகளாகப் பிரித்து, மேலும் கீழும் பொதுவாக இருப்பதை அடிக்க வேண்டிய இடத்தில் கை நின்றுவிடும். அது எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் சங்கதி.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரிய ஒரு சின்ன சோதனை. 2/3-உம் 3/4-உம் கூட்டினால் எவ்வளவு? மேலே மேலே, கீழே கீழே கூட்டி 5/7 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். 5/7 என்பது 3/4-ஐவிடச் சின்னது. ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு இருந்ததைவிடக் குறையுமா? சரியான விடை 17/12. 17/12 எப்படி வந்தது என்று உங்களால் இன்னொருவருக்கு விளக்க முடியவில்லை என்றால், ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரியவர்கள் அந்தப் பாடங்களைக் குழந்தைகளைவிட வேகமாகக் கடந்துவிடுவார்கள். தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் பிடிஎஃப்-ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நாளே தடித்தடியான புத்தகங்களை வாங்கி அடுக்க வேண்டாம்.

அடுத்தது, பேனா இல்லாமல் படிப்பது. காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்வருகிறவர்கள் போனில் கணக்கு வீடியோ பார்ப்பது நல்ல விஷயம்தான். ஆனால் வீடியோவில் ஆசிரியர் போடப் போட நாம் தலையாட்டுவது படிப்பு ஆகாது. வீடியோவை நிறுத்தி, அதே கணக்கை வெள்ளைத் தாளில் தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டால், இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்வதும் ஆபத்து. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். தோலைச் சதுர அடியில் அளப்பார்கள், ஏற்றுமதிக் கணக்கில் சதுர டெசிமீட்டரும் வரும். ஒரு டெசிமீட்டர் என்பது பத்து சென்டிமீட்டர்; ஓர் அடி என்பது 3.048 டெசிமீட்டர். அதை நினைவில் வைத்துக்கொண்டு 22 சதுர அடியை 3.048-ஆல் பெருக்கினால் சுமார் 67 வரும். தப்பு. நீளம், அகலம் இரண்டும் மாறுவதால் 3.048-ஆல் இரண்டு முறை பெருக்க வேண்டும். ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர், ஆக மொத்தம் 204-க்கு மேல். ஒரு சதுரம் வரைந்து பார்த்தவருக்கு இந்தத் தவறு வராது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் அரை மணி நேரம் உட்காருவது நல்லது. அப்புறம், விடை தப்பாக வந்தால் பின்பக்க விடையைப் பார்த்துத் திருத்திவிட்டு நகராதீர்கள். எந்த வரியில் பிசகியது என்று தேடுங்கள். கிடைக்கவில்லையா, வீட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால் நோட்டைக் காட்டிக் கேளுங்கள். அந்தப் பாடம் அவர்களுக்குப் போன வாரம்தான் நடந்திருக்கும்.