தலையாட்டலை பையர் தப்பாகப் புரிந்துகொண்டால்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர்களை ஒருங்கிணைக்கும் ஆளாக, இருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து ஆர்டர் கொடுக்க வரும் பையர்களோடு எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்துகொண்டே இருந்தது. "காலர் ரிப்பை மாற்றி இந்த வாரமே சாம்பிள் தர முடியுமா?" என்று கேட்பார்கள். எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் தலையை இரண்டு பக்கமும் மெல்லச் சாய்த்து ஆட்டுவார். நமக்கு அது 'சரி'. அவர்களுக்கோ மறுப்பு போலத் தெரியும், முகம் வாடிவிடும். "முடியாதென்றால் வேறு யூனிட்டைப் பார்க்கிறோம்" என்று மறுநாள் மெயில் வரும். அதற்குள் சாம்பிள் இங்கே தையலுக்கே போயிருக்கும்!

தலையை ஆட்டாதீர்கள் என்று யாரையும் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிறந்ததிலிருந்து வந்த பழக்கம் அது, மரியாதையும் அதில் இருக்கிறது. அதனால், "அண்ணே, முதல்ல தேதியை வாய்விட்டுச் சொல்லிடுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இப்போது "யெஸ், வெள்ளிக்கிழமை" என்ற பிறகுதான் தலை ஆடுகிறது. பையரிடமும் தையல் ஃப்ளோருக்குள் நுழையும் முன்பே இதை விளக்கிவிடுகிறேன். பல்கேரியாவில் ஆமாம் என்பதற்கே தலையைப் பக்கவாட்டில்தான் அசைப்பார்கள் என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

வீடியோ காலில் இது இன்னும் முக்கியம். அங்கே தலையும் தோளும்தானே தெரிகிறது? அதனால் ஒப்புக்கொண்ட தேதி, ஜிஎஸ்எம் (துணியின் எடை அளவு), கலர் எல்லாவற்றையும் பேசும்போதே சாட்டில் தட்டிவிடுகிறேன். அந்த மாதிரி மெயில்கள் இப்போது வருவதில்லை.