கதை ஆப்புக்குச் சந்தா கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகள் யுகேஜி சேர்ந்த ஜூன் மாதம், ஆங்கிலக் கதைப் புத்தக ஆப் ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டினோம். மூன்றே வாரத்தில் அவள் 112 புத்தகம் படித்துவிட்டதாக அது காட்டியது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் படித்து முடித்ததாகக் காட்டிய புத்தகம் ஒன்றைத் திறந்து, சத்தத்தை அணைத்துவிட்டு, "இதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டும்மா" என்றேன். முதல் பக்கத்தில் நான்கே வார்த்தைகள். படத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள். அங்கே எழுதியிருந்தது வேறு. இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். தப்பு செய்துவிட்டோமோ என்ற பயத்தோடு என் முகத்தைப் பார்த்தாள். தப்பு எங்களுடையது.

பெரும்பாலான கதை ஆப்களில் குரல் வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. குரல் வாசிக்க வாசிக்கச் சொற்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறும், பல ஆப்களில் பக்கமும் தானே திரும்பும். கடைசிப் பக்கம் வந்ததும் நட்சத்திரம், பதக்கம். குழந்தை கேட்டதையும் படித்ததாகவே ஆப் கணக்கு வைக்கிறது. கேட்பது நல்லதுதான், நான்கைந்து வயதில் கதை கேட்கக் கேட்கத்தான் சொல்வளம் கூடும். ஆனால் எழுத்தைப் பார்த்து ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது தனி உழைப்பு. அந்த உழைப்பை எப்போதும் குரலே செய்துகொண்டிருந்தால், பிள்ளைக்கு அதில் பழக்கம் விழாது. எத்தனை புத்தகம் முடிந்தது என்ற எண்ணை நம்பியதுதான் எங்கள் முதல் தவறு. மற்ற பெற்றோரிடம் பேசும்போது அடிக்கடி கேட்கும் தவறும் இதுவே.

இப்போது புதுக் கதையை முதல் தடவை ஆப்பின் குரலில் கேட்கிறாள். மறுநாள் அதே கதை, சத்தம் இல்லாமல், ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். அவள் தடுமாறும் சொல்லில் உடனே நுழையாமல் மனதுக்குள் மூன்று எண்ணும்வரை காத்திருக்கிறேன். பாதி நேரம் அவளே சொல்லிவிடுகிறாள். ஒரே கதை வாரம் முழுக்க ஓடினாலும் கவலைப்படுவதில்லை. சின்னப் பிள்ளைகள் பிடித்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், அப்படித்தான் சொற்கள் மனதில் தங்குகின்றன. ஆப்போ ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்ததை நீட்டுகிறது. அமைப்புகளில் தானாக அடுத்த புத்தகத்துக்குப் போவதை அணைக்கும் வழி இருந்தால் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

குழந்தையிடம் டேபைக் கொடுத்துவிட்டு நாம் அடுப்படிக்குப் போவது இரண்டாவது தவறு. நான் பல நாள் செய்திருக்கிறேன். வேலைக்குப் போகும் வீட்டில் அந்த இருபது நிமிடம் எவ்வளவு பெரிது என்று தெரியும். ஆனாலும் ஆய்வுகள் சொல்வதைக் கேளுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் டிஃபனி மன்சரும் குழுவினரும் 37 பெற்றோர்-குழந்தை ஜோடிகளைக் கவனித்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அச்சுப் புத்தகத்தை வைத்திருந்தபோது நடந்த அளவுக்குப் பேச்சு, மின்புத்தகத்தை வைத்திருந்தபோது நடக்கவில்லை. இத்தனைக்கும் பெற்றோர் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒன்றிலிருந்து எட்டு வயதுவரை உள்ள குழந்தைகளைப் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த பகுப்பாய்வு இன்னும் நுட்பமானது. ஒரே கதை திரையிலும் தாளிலும் இருந்தால் தாளில் படித்த பிள்ளைகளுக்கே கதை நன்றாகப் புரிந்தது. கதையைப் புரிந்துகொள்ள உதவும்படி கூடுதலாகச் சேர்த்த அம்சங்கள் இருந்தால் திரைக்கும் பலன் உண்டு. சொல்லைத் தொட்டால் அகராதி விளக்கம் வருவது போன்றவை சொற்களைக் கற்க உதவினாலும், கதைப் புரிதலைக் குறைத்தன.

இதை வைத்துத்தான் ஃப்ரீ ட்ரையல் வாரத்தைப் பயன்படுத்த வேண்டும். அந்த ஏழு நாளும் பிள்ளை குஷியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். குஷியாகத்தான் இருக்கும். பார்த்திருக்க வேண்டியவை வேறு: குரலை அணைக்க முடிகிறதா? தொட்டால் துள்ளும் தவளைக்கும் கதைக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா? வீடியோக்களை மறைக்க முடியுமா? ரயிலில் நெட் இல்லாதபோது திறக்குமா? ஆயிரக்கணக்கான புத்தகங்கள் என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். என் மகள் ஒரு வருடத்தில் மனதார நேசித்தவை எட்டோ ஒன்பதோ.

இனி பணம். ஆப்பை அழித்துவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். போகாது. ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரின் சந்தாப் பகுதியிலும், ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு வரும் சந்தாப் பகுதியிலும் ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் ட்ரையல் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே செய்வது அவசியம். நாங்கள் தடுக்கி விழுந்தது வேறிடம். தள்ளுபடி கிடைத்ததென்று அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் கார்டு போட்டுக் கட்டியிருந்தோம். ஒரு வருடம் கழித்து ப்ளே ஸ்டோரில் தேடினால் சந்தாவே காணோம். எங்கே கட்டினோமோ அங்கேதான் ரத்து செய்ய முடியும் என்று புரிவதற்குள் இரண்டாம் வருடப் பணம் போய்விட்டது. எங்கே, எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் போனில் ரிமைண்டரும் வையுங்கள்.

ஓடிபி வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததும் தவறே. தானாகப் பிடிக்கும் பணம் ஒரு வரம்புக்குள் இருந்தால், முதல் தடவைதான் ஓடிபி கேட்கும். 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி அந்த வரம்பை 15,000 ரூபாயாக உயர்த்தியது. ஆகவே இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்ச் சந்தா, ஓடிபி இல்லாமலே அடுத்த வருடமும் போய்விடும். பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும், அதிலேயே வேண்டாம் என்று விலகும் வழியும் இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கும் அது வந்திருந்தது, விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவில். யுபிஐ ஆட்டோபே மூலம் கட்டியிருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பிலேயே போய் நிறுத்தலாம்.

ஏமாந்தோமே என்று வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் குழந்தைகளின் கற்றல் ஆப்பான ஏபிசிமவுஸை நடத்தும் ஏஜ் ஆஃப் லேர்னிங் நிறுவனம், அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில் 1 கோடி டாலர் கட்ட 2020 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. சந்தா தானே புதுப்பிக்கப்படும் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை, ரத்து செய்வதைச் சிரமமாக்கியது என்பவை குற்றச்சாட்டுகள். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகைகளைத் தடை செய்கிறது. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பது மட்டுமல்ல, இலவசச் சந்தாவுக்குக் கார்டு விவரம் கேட்டுக் கட்டாயப்படுத்துவதும் அதில் அடக்கம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வருடச் சந்தாவில் இன்னொரு கேடு உண்டு. பணம் கட்டிவிட்டோமே, பிள்ளை படிக்காவிட்டால் வீண்தானே என்ற எண்ணம் நம்மைப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஆப்பில் உட்கார்ந்தால்தான் விளையாடப் போகலாம் என்றுகூட நான் சொல்லியிருக்கிறேன். கதை தண்டனையாகிப்போனது அப்போதுதான். முதல் மூன்று மாதத்துக்கு மாதச் சந்தா போதும், கூட்டிப் பார்த்தால் சற்று அதிகமானாலும். நேரக் கணக்கையும் மறக்க வேண்டாம்: 2 முதல் 4 வயதுவரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கதை ஆப்பும் திரைதான்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொரு புரொஃபைல் போடுங்கள். இல்லையென்றால் அக்காவின் நிலைப் புத்தகங்கள் தம்பிக்கு வரும். வயதைக் கூட்டிப் போடாதீர்கள். குழந்தையின் முழுப்பெயர், பள்ளி, புகைப்படம் எதுவும் அங்கே தேவையில்லை.

எனக்கு இப்போதும் உறுத்துகிற தவறு ஒன்று உண்டு. வாசிப்பு என்றாலே ஆங்கிலம் என்று ஆக்கிவிட்டோம். நாங்கள் சந்தா கட்டிய ஆப்பில் தமிழ்ப் புத்தகமே இல்லை, அது எங்களுக்கு ஒரு குறையாகவும் படவில்லை. பள்ளியில் 'இசட்' என்று சொல்லிக் கொடுக்கும் எழுத்தை ஆப் 'ஜீ' என்று சொன்னபோது பதறிய நாங்கள், அவளுக்குத் தமிழில் கொம்பு, துணைக்கால் தெரியாததைக் கவனிக்கவில்லை.

தமிழ்க் கதைக்குச் சந்தா கட்ட வேண்டிய தேவையே இல்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் பிடிஎஃப்பாக இறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். ஆனால் தமிழில் ஒரு சிக்கல்: வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. 'கூறினான்', 'அருகில் சென்றாள்' எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புதுமொழி. எந்தக் குரல் வசதியும் இதை விளக்காது, பக்கத்தில் ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் என் அம்மா. பத்துக் கதைகளை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு ஊசிநூலால் தைத்துக் கொடுத்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மகள் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள், அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்கிறாள்.

"ஆச்சி, கூறினான்னா?"

"சொன்னாம்னு அர்த்தம்ட்டி. மேல படி."