304 சீட்டாட்டக்காரர்களை வைத்து ஒரு பிரிட்ஜ் போட்டி: வன்னியில் நடத்துவது எப்படி

வன்னியில் கடதாசி பிடிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. செத்த வீட்டில் இரவு விழித்திருக்கும்போது, கலியாணத்துக்கு முதல்நாள் சமையல் நடக்கும்போது, பின்னேரம் வாசிகசாலை விறாந்தையில், எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் 304 தொடங்கிவிடும். ஆனால் கொன்ட்ராக்ட் பிரிட்ஜ் என்று சொல்லிப் பாருங்கள், அது கொழும்புக் கிளப்புகளில் இங்கிலிஷ் பேசுகிறவர்கள் ஆடுவது என்று எழும்பிப் போய்விடுவார்கள். வீண் பயம். எதிரெதிரே இருக்கும் சோடி, கேள்வி (ஏலம் போல் கூட்டிக் கேட்பது), துரும்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்), பிடி (ஆளுக்கொரு சீட்டாக இறங்கும் ஒரு சுற்றை வெல்வது), யார் கையில் என்ன மிச்சம் என்ற கணக்கு, இவ்வளவும் 304 ஆடுகிறவருக்கு ஏற்கெனவே தெரியும். மிச்சத்தை இரண்டு மூன்று பின்னேரங்களில் சொல்லிக் கொடுக்கலாம்.

முதல் போட்டியையே டூப்ளிகேட் முறையில் வையுங்கள் என்பதுதான் என் ஒரே பிடிவாதம். ஒரு மேசையில் ஆடிய அதே கைகளை அடுத்த மேசையும் ஆடும், அதற்கடுத்த மேசையும் ஆடும், கடைசியில் அதே சீட்டை வைத்து யார் கூட எடுத்தார்கள் என்று ஒப்பிடுவோம். "எனக்குக் கை வரவில்லை" என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 304 இல் தோற்றவர் எல்லோரும் சொல்லும் காரணம் அதுதானே. அந்தக் காரணம் இல்லாத ஆட்டம் என்று சொன்னாலே வீம்புக்காரர்கள் நாலைந்து பேர் வந்து குந்துவார்கள், அப்புறம் ஆள் சேர்ப்பது பெரிய வேலை இல்லை.

சொல்லிக் கொடுக்கும்போது வித்தியாசங்களை முதலில் சொல்லுங்கள். 304 இல் 32 சீட்டு, பிரிட்ஜில் 52 சீட்டும் வேண்டும், ஆளுக்கு 13. அங்கே ஜாக் 30, ஒன்பது 20 என்று தலைமேல் தூக்கி வைத்திருப்போம், இங்கே ஏஸ், கிங், குயீன், ஜாக், பத்து என்று நேர் வரிசை, ஒன்பதுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. பழைய ஆட்கள் ஜாக்கைப் போட்டுவிட்டுப் பிடி தங்களுடையது என்று கையை நீட்டுவார்கள், ஒரு கிழமைக்குச் சிரித்துக்கொண்டே திருத்துங்கள். அங்கே முதல் நாலு சீட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைப்போம். இங்கே 13 ஐயும் பார்த்த பிறகுதான் கேள்வி, துரும்பு எல்லோருக்கும் தெரியும், துரும்பே இல்லாத நோ ட்ரம்ப் ஆட்டமும் உண்டு. கேட்டு எடுத்தவரின் சோடி, முதல் சீட்டு இறங்கியதும் தன் கையை மேசையில் விரித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் டம்மி, எங்கள் ஆட்களுக்கு மிகக் கஷ்டமான வேலையும் அதுதான். இன்னொன்று, எங்களில் பலர் வலப்பக்கமாகச் சுற்றி ஆடிப் பழகியவர்கள், பிரிட்ஜ் கடிகார முள் போகும் பக்கம்.

கேள்விக்கு நீண்ட பாடம் எடுக்க வேண்டாம். ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயீனுக்கு 2, ஜாக்குக்கு 1, கட்டு முழுக்க 40 புள்ளி. 12 அல்லது 13 இருந்தால் திறக்கலாம், அதாவது முதல் கேள்வியைக் கேட்கலாம், இரண்டு பேரிடமும் சேர்த்து 25 அளவில் இருந்தால் கேம் (கூடுதல் புள்ளி தரும் பெரிய கேள்வி) வரை போகலாம், ஸ்பேட்டிலோ ஹார்ட்டிலோ திறக்க அந்த இனத்தில் ஐந்து சீட்டு வேண்டும், சமமாகப் பிரிந்த 15 முதல் 17 என்றால் ஒரு நோ ட்ரம்ப். முதல் போட்டிக்கு இது போதும். இணையத்தில் பார்த்துவிட்டு வந்து சோடிக்குள் தனி அர்த்தம் வைத்த புதுப்புது ஒப்பந்தக் கேள்விகளைப் புகுத்த நினைக்கிறவரை அடுத்த வருடம் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

சரி, சாமான். ஒவ்வொரு போர்டுக்கும் (ஒரு தடவை பிரித்த நாலு கைகளையும் வைக்கும் மட்டை) தனிக் கட்டு வேண்டும், ஏனென்றால் அந்தக் கைகள் கலையாமல் மேசைக்கு மேசை போக வேண்டும். 20 போர்டு ஆடுவதென்றால் 20 கட்டு. வீடு வீடாகக் கேட்டு வாங்கலாம், ஆனால் வாங்கியதும் எண்ணிப் பாருங்கள். 304 ஆடும் வீடுகளில் 2 முதல் 6 வரையான சீட்டுகள் எப்போதோ பிள்ளைகளின் கைக்குப் போயிருக்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் போர்டுகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், ஒரு மட்டையில் நாலு கடித உறைகளை ஒட்டி வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று எழுதினால் முடிந்தது. மேலே போர்டு இலக்கம், யார் முதலில் கேட்பது, எந்தப் பக்கம் வல்னரபிள் (பரிசும் இழப்பும் கூடும் நிலை) என்று குறியுங்கள். 1 இல் வடக்கு தொடங்கும், 2 இல் கிழக்கு, 3 இல் தெற்கு, 4 இல் மேற்கு, திரும்பவும் வடக்கு. வல்னரபிள் என்பது முதல் நாலு போர்டுகளில் யாரும் இல்லை, வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு, இரு பக்கமும் என்று போகும். அதன் பிறகு வரிசை மாறும், 16 க்குப் பிறகு திரும்ப முதலிலிருந்து வரும். முழு அட்டவணையைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்தில் எழுத வேண்டாம். வடக்கு உண்மையான வடக்காக இருக்கத் தேவையில்லை, ஏ9 வீதி ஓரமாக மண்டபம் என்றால் யாழ்ப்பாணப் பக்கம் வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லா மேசைக்கும் ஒரே பக்கமாக இருந்தால் சரி.

ஐந்து மேசை, பத்துச் சோடி, இதுதான் தொடங்கக் கச்சிதமான அளவு. முதலாம் மேசையில் 1 முதல் 4 வரையான போர்டுகள், இரண்டாம் மேசையில் 5 முதல் 8, இப்படி ஐந்தாம் மேசையில் 17 முதல் 20. வடக்கு தெற்குக்காரர் கதிரையை விட்டு அசைவதில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கிழக்கு மேற்குக்காரர் ஒரு மேசை மேலே போவார்கள், போர்டுகள் ஒரு மேசை கீழே போகும். ஐந்து சுற்றில் எல்லோரும் எல்லாப் போர்டையும் ஆடியிருப்பார்கள். இது மிச்சல் முறை. மேசை ஒற்றைப்படையாக இருந்தால் இப்படியே ஓடும். ஆறு மேசை வந்துவிட்டால் 24 போர்டு வைத்து, மூன்று சுற்றுக்குப் பிறகு கிழக்கு மேற்குக்காரரை ஒரு மேசை தாண்டி உட்கார வைத்து, ஐந்து சுற்றோடு நிறுத்துங்கள். தாண்ட மறந்தால் ஏற்கெனவே ஆடிய போர்டே திரும்ப முன்னால் வந்து நிற்கும்.

சீட்டைக் கலைப்பது முதல் சுற்றில் மட்டும். அதன் பிறகு யாரும் கலைக்கக் கூடாது, பிடியை நடுவில் வாரி அள்ளவும் கூடாது. அவரவர் போட்ட சீட்டை அவரவர் முன்னால் கவிழ்த்து அடுக்க வேண்டும், பிடி எங்களுடையது என்றால் நெடுக்காக, எதிராளியுடையது என்றால் குறுக்காக. முடிந்ததும் எண்ணி, 13 ஐயும் தன் உறைக்குள்ளேயே போட வேண்டும். வாரி அள்ளுவது கையோடு வந்த பழக்கம், ஒரு மேசையில் ஒருவர் அள்ளிவிட்டால் அந்தப் போர்டு மற்ற எல்லோருக்கும் கெட்டுப்போகும். அதனால் போட்டிக்கு முன் இதை மட்டும் தனியாக ஒரு நாள் பழக்குங்கள்.

இனிச் சத்தம். 304 இல் தொண்டையைச் செருமுவது, சீட்டை ஓங்கி அடிப்பது, "சரி, கேளன் பாப்பம்" என்று இழுப்பது எல்லாம் ஆட்டத்தின் உப்பு. பிரிட்ஜில் கேள்வியாலும் போடும் சீட்டாலும் மட்டுமே சோடிக்குச் சேதி சொல்லலாம், குரல், முகம், தயக்கம் எதுவும் கூடாது. இது சின்ன விஷயம் இல்லை. 1975 இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் இத்தாலி அணியின் ஒரு சோடி மேசைக்குக் கீழே காலால் காலைத் தொடுவதாகக் குற்றச்சாட்டு எழுந்து உலகமெல்லாம் நாறியது, அங்கே சோடிகளுக்கு நடுவே திரை இருந்தபடியால் கால்தான் மிஞ்சியிருந்தது. எங்களுக்குத் திரை தேவையில்லை, கேள்வியை வாயால் சொல்லாமல் எழுதச் செய்தாலே பாதிச் சாடை குறையும். அவுஸ்திரேலியக் கிளப்புகள் பலவற்றில் நெடுங்காலமாக அப்படித்தான் செய்து வந்தார்கள். ஒரு கொப்பித் தாளை நாலு நிரலாகப் பிரித்து மேசை நடுவில் வைத்து, ஆளுக்கு ஆள் தன் நிரலில் எழுதினால் சரி. கேட்டதைத் திரும்பக் கேட்க வேண்டிய அவசியமும் வராது. குரலைக் கேட்டே ஆளை எடைபோட்டுப் பழகியவர்கள் முதல் நாள் முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கணக்கு பார்க்கப் பயமாக இருக்கும், உண்மையில் இலேசு. கிளப், டயமண்ட் பிடிக்கு 20, ஹார்ட், ஸ்பேட் பிடிக்கு 30, நோ ட்ரம்ப் முதல் பிடிக்கு 40, பிறகு 30, எல்லாம் ஆறு பிடிக்கு மேலே உள்ளவற்றுக்கு. கேட்ட பிடிகளுக்கு 100 வந்தால் கேம், அதற்கு 300, வல்னரபிள் என்றால் 500 கூட. கேமுக்குக் குறைவாகக் கேட்டு எடுத்தால் 50. கேட்டது கிடைக்காவிட்டால் குறையும் பிடிக்கு 50, வல்னரபிள் என்றால் 100 எதிராளிக்குப் போகும். 12 பிடி, 13 பிடி கேட்டு எடுப்பதற்கும், எதிராளி டபிள் (உங்களால் எடுக்க முடியாது என்ற சவால்) சொன்னால் மாறுவதற்கும் தனிக் கணக்கு உண்டு, அதை ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

இதை மேசைகளுக்கிடையே ஒப்பிடுவது இப்படி. வடக்கு தெற்கு வல்னரபிளாக இருக்கும் ஒரு போர்டை எடுங்கள். ஒரு சோடி நாலு ஸ்பேட் (ஸ்பேட் துரும்பாக ஆறுக்கு மேல் நாலு, அதாவது 10 பிடி) கேட்டு 11 பிடி எடுத்தது, 650. இன்னொன்று அதையே கேட்டு 10 எடுத்தது, 620. இரண்டு சோடிகள் பயந்து இரண்டு ஸ்பேட்டிலும் மூன்று ஸ்பேட்டிலும் நின்று 10 எடுத்தன, இருவருக்கும் 170. ஐந்தாவது சோடி நாலு கேட்டு ஒரு பிடி குறைந்தது, 100 இழப்பு. தோற்கடித்த ஒவ்வொரு சோடிக்கும் 2, சமமானால் 1. ஆக 8, 6, 3, 3, 0. கிழக்கு மேற்குக்கு அதன் மறுபக்கம். எவ்வளவு வித்தியாசத்தில் வென்றீர்கள் என்பது கணக்கில் வராது, 30 புள்ளி கூட எடுத்தவர் முழு 8 ஐயும் கொண்டுபோகிறார். அதனால்தான் ஒரு பிடிக்கு மல்லுக்கட்டுகிறார்கள். 20 போர்டுக்கு உச்சம் 160, அதில் 60 வீதம் எடுத்தால் பெரும்பாலும் முதலிடம். முடிவுத் தாள் போர்டோடு மடித்துப் போகட்டும், ஆடி முடிக்கும் முன் யாரும் அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. மிச்சல் முறையில் வடக்கு தெற்குக்கு ஒரு முதலிடம், கிழக்கு மேற்குக்கு ஒரு முதலிடம், இரண்டு பரிசு தேவை என்பதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள்.

ஆடாத ஒருவர் நடுவராக இருக்க வேண்டும். வாத்தியாராக இருந்தவர் கிடைத்தால் நல்லது, குரலை உயர்த்தாமல் அடக்கத் தெரிந்திருக்கும். உலக பிரிட்ஜ் சம்மேளனத்தின் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தவறான ஆள் சீட்டு இறக்குவது, இனம் இருந்தும் வேறு இனம் போடுவது, இந்த இரண்டையும் அவர் வாசித்து வந்தால் முதல் நாளுக்குப் போதும். மேசையில் என்ன பிழை நடந்தாலும் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் தீர்க்கக் கூடாது, கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட வேண்டும். இங்கே சொந்தக்காரர்தான் எல்லோரும், மச்சானோடு முகம் முறிய யாருக்கும் விருப்பமில்லை, நடுவர் சொன்னால் அவர் தலையில் போய்விடும்.

நாள் பார்ப்பதில் கவனமாக இருங்கள். மாரியில் குளங்கள் வான்பாயும் காலத்தில் உள்ளூர் றோட்டுகளை நம்ப முடியாது, காலபோக வெட்டு நடக்கும்போது ஆண்கள் வயலை விட்டு வரமாட்டார்கள், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 இல் மடுத் திருவிழா. மாதம் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை வருகிறதே, அதையே நிரந்தர நாளாக வைத்துவிடுங்கள், இடிக்கிற மாதங்களை மட்டும் விடலாம். இடத்துக்கு மாங்குளம் நல்லது: வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் ஏ9 இலேயே பஸ், முல்லைத்தீவு றோட்டும் அங்கேதான் பிரிகிறது. புதியவர்களுக்குப் போர்டுக்குப் பத்து நிமிடம் வையுங்கள், சுற்றுக்கு 40, ஐந்து சுற்றுக்கு மூன்று மணித்தியாலமும் 20 நிமிடமும். ஒன்பதுக்குத் தொடங்கினால் நடுவில் பிளேன்டீயும் வடையும் கொடுத்து ஒரு மணிக்குள் முடித்து, பஸ்ஸுக்கு அனுப்பலாம். பொதுநோக்கு மண்டபம் எடுப்பதென்றால் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, கிராம சேவையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காசு வைத்து ஆடக் கூடாது, பொது இடத்தில் பணயம் வைத்துக் கடதாசி ஆடுவது சட்டப்படி குற்றம், அதோடு வீட்டுப் பெண்களும் வரமாட்டார்கள். நுழைவுக் கட்டணம் தேத்தண்ணிக்கும் மண்டபத்துக்கும் மட்டும்.

அறிவித்தலில் "அனைவரும் வருக" என்று நாலு வரி வாழ்த்து எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். திகதி, உட்காரும் நேரம், முடியும் நேரம், எத்தனை போர்டு, கட்டணம், சோடி இல்லாதவர் யாரிடம் சொல்ல வேண்டும், இவ்வளவும் இருந்தால் சரி. வாசிகசாலைப் பலகையில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. போட்டி முடிந்த அன்றிரவே முடிவை அனுப்புங்கள், இரண்டு நாள் போனால் யாருக்கும் ஆசை இராது. வடக்கு தெற்கில் முதல் மூன்று, கிழக்கு மேற்கில் முதல் மூன்று சோடியின் பெயர் போதும், கடைசியாக வந்தவர் பெயரைப் போட்டுக் கேலி செய்தால் அடுத்த மாதம் ஒரு மேசை குறையும். அதோடு அன்று ஆடியதில் ஒரு போர்டை எடுத்து நாலு கையையும் முழுதாக எழுதி, ஒவ்வொரு மேசையிலும் என்ன கேட்டார்கள், என்ன எடுத்தார்கள் என்று போடுங்கள். பெயர் பட்டியலைவிட அதைத்தான் வாசிப்பார்கள், இரவு பன்னிரண்டு மணிக்கும் பதில் வந்துகொண்டிருக்கும். அடுத்த போட்டித் திகதியை அதே செய்தியின் அடியில் போடுங்கள்.

இடையில் பழக, பிரிட்ஜ் பேஸ் ஒன்லைன் என்ற தளத்தில் இயந்திரத்தோடு ஆடலாம், கைத்தொலைபேசி போதும். "இந்த வயதில் எனக்கு என்னத்துக்கு" என்று ஒதுங்கும் ஐயாமாருக்கு ஒரு கதை சொல்லுங்கள்: 2018 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜும் சேர்க்கப்பட்டது, ஆண்கள் சோடியில் தங்கம் எடுத்த இந்தியர்களில் பிரணாப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. ஆறு மாதம் ஒழுங்காக ஆடி, நேரத்துக்கு முடிக்கவும் வாய் மூடி இருக்கவும் பழகிய பிறகு, இரண்டு மூன்று சோடிகளைக் கொழும்புப் போட்டி ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். போகிறவர்கள் கேள்வியை இங்கிலிஷில் சொல்லவும் கேள்விகள் அச்சடித்த சீட்டுகள் இருக்கும் கேள்விப் பெட்டியிலிருந்து சீட்டு எடுத்து வைக்கவும் முதலே பழகிக்கொண்டு போகட்டும், அங்கே கொப்பித் தாள் இருக்காது.