பதிப்பாசிரியர் வெட்டச் சொன்னால் வெட்டிவிட வேண்டுமா?

நாவல் பிரதி பதிப்பாசிரியரின் குறிப்புகளோடு திரும்பி வந்ததும் அன்றிரவே திருத்த உட்காராதீர்கள். ஒரு வாரம் போகட்டும். பிறகு ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டைப் பிரித்துப் பாருங்கள்: எங்கே இடறுகிறது என்பது ஒன்று, எப்படிச் சரிசெய்வது என்பது இன்னொன்று. முதலாவதில் ஆசிரியரை நம்புங்கள். இரண்டாவது உங்கள் வேலை.

என் நாவலில் நான்காம் அத்தியாயத்தையே நீக்கச் சொன்னார் ஆசிரியர். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் பாட்டி மீன் வாங்கும் காட்சி அது. எனக்கு மனம் ஒப்பவில்லை. வாய்விட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது, பேரம் மட்டுமே மூன்று பக்கம் நீள்கிறது. அதை அரைப் பக்கமாகச் சுருக்கினேன், பாட்டி பிழைத்தார்.

‘கோப்பிக் கடை’யைத் ‘தேநீர்க் கடை’ ஆக்கச் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. இங்கே ‘கோப்பி ஓ’ என்றால் பால் சேர்க்காத, சர்க்கரை போட்ட கறுங்காப்பி. அந்தச் சொல் போனால் ஊரே போய்விடும். தமிழகத்து வாசகருக்கு விளங்க வேண்டுமானால், அடுத்த வரியில் குவளையின் கறுப்பைக் காட்டினால் போதும்.

மறுக்கும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். எழுத வரவில்லையென்றால் அது பெரும்பாலும் பிடிவாதம்தான். பழைய பிரதியைத் தனிக் கோப்பாகச் சேமித்துவிட்டே கை வையுங்கள்.