எம்.பார்மும் எம்.பி.ஏ.வும் சேர்த்துப் படிக்க: ராமநாதபுரம் கடலோரப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரையிலோ தொண்டியிலோ பி.பார்ம் (பார்மசி இளநிலை) இறுதியாண்டு படிக்கும் பிள்ளையிடம் வீட்டில் கேட்பது ஒரே கேள்விதான்: அடுத்து எம்.பார்மா, எம்.பி.ஏ.வா? இரண்டையும் சேர்த்தே படிக்க முடியும். 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரே காலத்தில் இரண்டு பட்டம் படிக்க இடம் தருகிறது. இரண்டும் நேரடி வகுப்பானால் நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தொழிற்படிப்புக்கு அந்தந்தக் கவுன்சிலின் விதியும் பொருந்தும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் திட்டம் முழுவதும் இந்த விதியைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

இந்திய பார்மசி கவுன்சில் ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை கேட்கிறது. தியரிக்குத் தனியாக, பிராக்டிகலுக்குத் தனியாக. தியரியில் 90, லேபில் 75 என்று வைத்துக்கொண்டு சராசரி காட்டித் தப்ப முடியாது. காலையில் எம்.பார்ம், மாலையில் எம்.பி.ஏ. என்று இரண்டு கல்லூரிகளில் சேருபவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான். லேப் வேலை மணிக்கணக்குப் பார்த்து முடியாது. மாத்திரை கரையும் வேகம் பார்க்கும் ஒரு டிசொல்யூஷன் சோதனை நீண்டாலே மாலை வகுப்பு போய்விடும். ஆகவே பார்மசி நேரடியாக, எம்.பி.ஏ. தொலைநிலையில் என்பதே கரைசேரும் ஏற்பாடு. தலைகீழாகச் செய்ய வழியில்லை. ‘தபாலில் எம்.பார்ம்’ என்று யாராவது விற்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அமெரிக்காவில் பார்ம்.டி. (டாக்டர் ஆஃப் பார்மசி)–எம்.பி.ஏ. கூட்டுப் பட்டம் வேறு மாதிரி இயங்குகிறது. நான்கு ஆண்டு பார்ம்.டி.யும் இரண்டு ஆண்டு எம்.பி.ஏ.வும் தனித்தனியாக ஆறு ஆண்டு ஆகும். ஒரு பக்கத்து விருப்பப் பாடத்தை மறுபக்கமும் ஏற்றுக்கொள்வதால், பல கல்லூரிகளில் ஐந்து ஆண்டில் முடிகிறது. இங்கே இரண்டு தனிப் பட்டங்களைச் சேர்த்துப் படிப்பவருக்கு அந்தக் கிரெடிட் பகிர்வு கிடைக்காது. நமக்கு மிச்சமாகும் காலம், எம்.பி.ஏ.வை எந்த செமஸ்டரில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

எப்போது தொடங்குவது

எம்.பார்ம் முதலாண்டில் தொடவே வேண்டாம். தியரி, லேப், செமினார் என்று மூச்சுவிட நேரமிருக்காது. மூன்றாம் செமஸ்டரில் தியரி என்று இருப்பது ஆராய்ச்சி முறையியலும் உயிரிப் புள்ளியியலும் சேர்ந்த ஒரே பாடம். மற்றதெல்லாம் ஆய்வு வேலை. எனவே எம்.பார்ம் இரண்டாம் ஆண்டு தொடங்கும் ஜூலையில் தொலைநிலை எம்.பி.ஏ.வில் சேருங்கள். தீசிஸ் முடியும்போது எம்.பி.ஏ. பாதி கடந்திருக்கும். மீதி ஓராண்டை வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம். நான்கு ஆண்டு மூன்றாகச் சுருங்குகிறது. ஆராய்ச்சி முறையியலும் புள்ளியியலும் எம்.பி.ஏ.விலும் வரும் என்பதால் ஒரு முறை ஊன்றிப் படித்தது இரண்டு இடத்திலும் கைகொடுக்கும்.

பார்ம்.டி. படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பிளஸ் டூ முடித்துச் சேரும் ஆறாண்டு பார்ம்.டி.யில் நடுவில் இளநிலைப் பட்டம் எதுவும் கையில் வராது. எம்.பி.ஏ.வுக்கு ஒரு பட்டம் இருந்தாக வேண்டும். ஆகவே ஆறு ஆண்டும் முடியும் முன் சேரவே முடியாது. ஐந்தாம் ஆண்டில் விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டிய பிறகு தகுதியில்லை என்று திரும்பி வருவது வீண் அலைச்சல். பி.பார்ம் முடித்துவிட்டு மூன்றாண்டு பார்ம்.டி.யில் சேர்ந்தவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் கடைசி ஆண்டு இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் பொது மருத்துவம், பிறகு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம் என்று முழுநேரமும் மருத்துவமனையில்தான். அந்த ஆண்டில் எம்.பி.ஏ. தேர்வு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பி.பார்ம் எட்டாம் செமஸ்டரிலேயே ஒரு சின்ன அடித்தளம் போடலாம். விருப்பப் பாடப் பட்டியலில் பார்மா மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட், பார்மசூட்டிக்கல் ரெகுலேட்டரி சயின்ஸ் இரண்டும் உண்டு. உங்கள் கல்லூரி நடத்தினால் இரண்டையும் எடுங்கள்.

நுழைவுத் தேர்வுகள்

எம்.பார்முக்கு ஜிபேட். 125 கேள்வி, சரியானதற்கு 4 மதிப்பெண், தவறானதற்கு 1 கழியும். தகுதி பெற்று முழுநேர எம்.பார்மில் சேர்ந்தால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அதை வாங்கும் காலத்தில் வேறு உதவித்தொகையோ சம்பள வேலையோ கூடாது. நேரடி எம்.பி.ஏ.தான் வேண்டும் என்றால், அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதலாம். நமக்கு மதுரையும் காரைக்குடியும் பக்கம்.

இரண்டு பட்டமாக அலையாமல் ஒரே பட்டத்தில் இரண்டையும் அடைய விரும்பினால் நைப்பர் எனும் தேசிய மருந்துக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். மொகாலி, ஹைதராபாத் நைப்பர்களில் இரண்டாண்டு எம்.பி.ஏ. (பார்ம்) இருக்கிறது. பி.பார்ம் படித்தவர் ஜிபேட் தகுதியோடு நைப்பர் நுழைவுத் தேர்வும் எழுதி, குழு விவாதம், நேர்காணல் தாண்ட வேண்டும். மருந்துக் கம்பெனியின் நிர்வாகப் பக்கம்தான் குறி என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு, இரண்டு பட்டத்தைவிட இதுவே மேல். ஆய்வுக்கூடத்திலும் ஒரு கால் வைத்திருக்க நினைப்பவருக்குத்தான் எம்.பார்ம் தேவை.

தொலைநிலை எம்.பி.ஏ. எங்கே

இக்னோவும் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. எதில் சேர்ந்தாலும், நீங்கள் சேரும் ஆண்டுக்கும் பருவத்துக்கும் அந்தப் படிப்பு யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் இருந்தது இந்த வருடத்துக்குச் செல்லாது. முதலில் டிஜிலாக்கர் வழியாக ஏ.பி.சி. (கல்விக் கிரெடிட் வங்கி) எண், அதை வைத்து அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவின் டி.இ.பி. எண். இவை இல்லாமல் சேர்க்கை முடியாது. ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்றிருந்தால் இங்கேயே சிக்கும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதுவரை சரிபார்த்து முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள்.

இக்னோ எம்.பி.ஏ. 116 கிரெடிட். குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் பாம்பன் பக்கம்தான் வந்தது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எம்.பார்ம் மதுரையில் படித்தால் தேர்வு மையத்தையும் மதுரையிலேயே போடுங்கள். சொந்த ஊர் என்று ராமநாதபுரத்தைப் போட்டுவிட்டு மழையில் பஸ் பிடிக்க வேண்டாம். கடினமான பாடங்களை ஜூனுக்கு ஒதுக்குவதும் நல்லது.

ஒரே களம், இரண்டு ஆய்வு

இரண்டு பட்டத்தையும் உண்மையிலேயே ஒன்றாக இணைப்பது ஆய்வுத் தலைப்புதான். இதில் நம் கரைக்கு இருக்கும் வசதி வேறெங்கும் எளிதில் அமையாது. மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், கேராஜீனன், அகர் மூன்றும் மருந்து தயாரிப்பில் புழங்குபவை. ஆல்ஜினேட் மாத்திரை கரையும் வேகத்தைக் கட்டுப்படுத்தும், கேராஜீனன் ஜெல்லையும் சைவக் கேப்சூலையும் உருவாக்கும். எம்.பார்ம் தீசிஸில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியிலிருந்து கேராஜீனன் பிரித்து, அதன் பிசுக்குத்தன்மை, ஈரப்பதம், சாம்பல் அளவு பார்த்து, ஒரு ஜெல் செய்து சோதிக்கலாம். எம்.பி.ஏ. புராஜெக்டில் அதே பாசி படகிலிருந்து கம்பெனி கிடங்குவரை போகும் வழியைப் பாருங்கள். உலர்த்துவது யார், ஈரம் அதிகமானால் விலை எவ்வளவு குறைகிறது, மழைக்காலத்தில் வரத்து எப்படி விழுகிறது, சுமையை யார் தாங்குகிறார்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஒரே தரவை இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்கக் கூடாது. கேள்வி வேறு, தரவு வேறு, எழுத்தும் வேறாக இருக்க வேண்டும். எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் உங்கள் சொந்த வரியையும் பிடிக்கும். அடுத்து, மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியின்றி மாதிரி எடுப்பது குற்றம். வளர்ப்புப் பாசியை வளர்ப்பவரிடமே ரசீதோடு வாங்குங்கள். தேதி, இடம், எடை மூன்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். தாவர அடையாளச் சான்று வாங்கும்போது இவற்றைக் கேட்பார்கள்.

பாசி வேண்டாம் என்பவருக்கு மெடிக்கல் ஷாப் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ரொக்க விற்பனையும் கடனும் எப்படி மாறுகின்றன, கரண்ட் போனால் இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க என்ன செலவாகிறது, காலாவதிச் சரக்கு எவ்வளவு திரும்புகிறது. இவற்றில் எதை எடுத்தாலும் நல்ல புராஜெக்ட். கடைக்காரர் பில் புத்தகத்தைக் காட்ட வேண்டுமென்றால், பெயர் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

பதிவும் வெளிநாடும்

பி.பார்ம் முடித்தவுடன் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்துவிடுங்கள். எம்.பி.ஏ. எத்தனை பெரிய இடத்தில் வாங்கினாலும் அது மருந்துக்கடை உரிமத்துக்கு உதவாது. பதிவுபெற்ற மருந்தாளுநர் என்ற தகுதிதான் உதவும். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்துக்கும் பார்மசித் தகுதியே அடிப்படை.

வளைகுடா நாடுகளிலும் மருந்தாளுநர் உரிமத் தேர்வுக்குப் பார்மசிப் பட்டம்தான் கணக்கு, எம்.பி.ஏ. பிறகு மேலாளர் பதவிக்கு உதவும். அமெரிக்கக் கனவு இருந்தால் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: வெளிநாட்டு மருந்தாளுநர்களுக்கான அவர்களின் சமநிலைத் தேர்வை எழுத ஐந்தாண்டுப் பார்மசிப் பாடத்திட்டம் வேண்டும். நம் நான்காண்டு பி.பார்ம் போதாது, பார்ம்.டி. வேண்டும்.

சான்றிதழும் பணமும்

எம்.பார்ம் கல்லூரி மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கு முன் எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, ஐந்து செட் சான்றொப்பமிட்ட நகல் எடுத்துவிடுங்கள். எம்.பி.ஏ.வில் சேரும் முன் எம்.பார்ம் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். பிற்பாடு வெளிநாட்டுச் சான்று சரிபார்ப்பில் ஒரே ஆண்டில் இரண்டு படிப்பா என்று கேட்டால் அந்தத் தாள் பதில் சொல்லும். கல்விக் கடனை எம்.பார்முக்கு மட்டும் வித்யாலட்சுமி தளத்தில் கேளுங்கள். தொலைநிலைக் கட்டணம் செமஸ்டர் செமஸ்டராகக் கட்டுவது, அதைக் கடனில் ஏற்ற வேண்டியதில்லை. மீனவர் நல வாரியத்தில் வீட்டில் யாராவது உறுப்பினராக இருந்தால் கல்வி உதவிக்கு மீன்வளத் துறை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.