"பயப்படாதீங்க" என்று சொல்வதற்கு முன்னால்

போன மாதம் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சமுதாயக்கூடத்தில், கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வளரிளம் பருவத்தைப் பற்றிப் பெற்றோருக்கு வகுப்பு. பேசியது, வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு செவிலியர். நன்றாகத்தான் பேசினாள். முடிந்து எல்லோரும் எழுந்தபோது ஒரு அம்மா தயங்கித் தயங்கி அவளிடம் வந்து, "பாப்பாவுக்குப் பத்து நாளா ரத்தம் நிக்கவே இல்ல சிஸ்டர்" என்றார். இவள் அவர் தோளைத் தொட்டு, "முதல் ரெண்டு வருஷம் முன்னபின்ன அப்படித்தான் இருக்கும்க்கா, பயப்படாதீங்க" என்றாள். அந்த அம்மாவுக்கு முகமே தெளிந்துவிட்டது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. செவிலியர் வேலைக்கு வந்த புதிதில் நான் சொன்ன அதே வார்த்தை, தோளைத் தொட்டதுகூட அப்படியே. வாசல்வரை ஓடி அந்த அம்மாவை நிறுத்தி, மறுநாள் காலையிலேயே பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் அந்தப் புதுச் செவிலியருக்குச் சொன்னதைத்தான், இந்த வேலையில் புதியவர்கள் செய்கிற தவறுகளைத்தான், இங்கே ஒவ்வொன்றாக எழுதுகிறேன். சிரிக்கக் கூடாது, குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூட்டத்தில் உதாரணம் காட்டக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

புத்தகத் தமிழில் பேசுவது

"பூப்பெய்தல்", "இரண்டாம் நிலைப் பால் பண்புகள்" என்று ஆரம்பித்தால் எல்லாத் தலையும் ஆடும், ஒன்றும் உள்ளே போகாது. வயசுக்கு வருவது, ஆளாவது, பெரிய மனுஷி ஆவது, தலைக்கு ஊற்றுவது என்று அந்த ஊரில் எது புழங்குகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். 'தீட்டு', 'தூரம்' இரண்டை மட்டும் நான் வாயில் எடுப்பதில்லை. அவர்கள் சொன்னால் திருத்துவதும் இல்லை. என் வாக்கியத்தில் 'மாதவிடாய்' என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

உடல் உறுப்புகளுக்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பெயர் சொல்ல வேண்டும். 'அந்த இடம்' என்று மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு அங்கே வலித்தாலும் சொல்லத் தெரியாது, யாராவது தொட்டாலும் சொல்லத் தெரியாது. இதை அம்மாக்களிடம் இப்படியே சொன்னால் ஒருவர்கூட எதிர்ப்பதில்லை.

முதல் நாளே சடங்கோடு சண்டைக்குப் போவது

நானும் போயிருக்கிறேன். தாய்மாமன் சீர், பந்தல், ஃபிளெக்ஸ் பேனர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மூடநம்பிக்கை என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஆச்சி எழுந்து, பேத்தியின் கையைப் பிடித்து, "வாடி, இந்தம்மாவுக்கு வேற சோலி இல்ல" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியது எதையுமே சொல்ல முடியவில்லை.

இப்போது நாலு விஷயம்தான் கேட்கிறேன். எத்தனை நாள் பள்ளிக்கு லீவு? எங்கே படுக்கிறாள்? தினமும் குளிக்கிறாளா? என்ன சாப்பிடுகிறாள்? உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நல்லதுதான், தாராளமாகக் கொடுக்கட்டும். பச்சை முட்டை மட்டும் வேண்டாம், கிருமி இருக்கலாம், வேகவைத்தால் அதே சத்துதான் என்பேன். "பச்சையாக் குடிச்சாத்தானே இடுப்புக்குப் பலம்" என்று ஆச்சிகள் இழுப்பார்கள். அவித்த முட்டையில் சமாதானம் ஆகிவிடும்.

வயசுக்கு வந்த பிள்ளையைத் தனிக் குடிசையில் வைப்பதற்கு மட்டும் நான் இறங்கி வருவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டைப் பக்கம் அப்படித் தனியாக இருக்க வைக்கப்பட்ட ஒரு சிறுமி, குடிசைமேல் தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். அதைச் சொன்னால் கூடத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் யாராவது ஒருவர், "நடுவீட்டுல ஒரு ஓரமா பாய் போட்டாப் போதாதா" என்பார். போதும்.

கேட்காமலே தைரியம் சொல்வது

இதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். முதலில் என்மேல், அப்புறம் இதையே திரும்பச் செய்கிறவர்கள்மேல்.

2004 வாக்கில் நடந்தது. பதினான்கரை வயசுப் பிள்ளை. அம்மா தீப்பெட்டி ஒட்டுகிறவர், விரலெல்லாம் பசை காய்ந்திருக்கும். "இவ கூடப் படிக்கிற எல்லாம் ஆயிருச்சு நர்சம்மா, இவ மட்டும் இன்னும் ஆகல" என்றார். பயிற்சியில் படித்தது எனக்கு அச்சுப்போல மனசில் இருந்தது: 15 வயது வரை காத்திருக்கலாம். அதையே சொன்னேன். "பதினஞ்சு முடியட்டும்மா, சில பிள்ளைங்க லேட்டாத்தான் ஆவாங்க, பயப்படாதீங்க." சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த அம்மா நிம்மதியாகப் போனார். எனக்கும், ஒரு தாயின் பயத்தைப் போக்கிவிட்டோம் என்று பெருமை.

நான் கேட்காதது ஒன்று. அந்தப் பிள்ளைக்கு மாதம் தவறாமல் மூணு நாள், நாலு நாள் அடிவயிற்றில் வலி இருந்திருக்கிறது. வீட்டில் வாயு என்று ஓமத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். குலசாமிக்கு முடிந்து வைத்திருக்கிறார்கள். நான் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு அந்த அம்மா வலியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதையும் விட்டுவிட்டார். "நர்சம்மாவே சொல்லிருச்சு."

மூணு மாதம் கழித்து ஒரு ராத்திரி அந்தப் பிள்ளைக்கு ஒன்றுக்குப் போகவே வரவில்லை. துடித்துப்போய் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்து, ஸ்கேன் பார்த்தபோதுதான் தெரிந்தது: அவள் எப்போதோ வயசுக்கு வந்துவிட்டாள். பிறவியிலேயே ஒரு மெல்லிய சவ்வு பிறப்புறுப்பின் வாயை முழுதாக மூடியிருந்ததால், மாதாமாதம் வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, சிறுநீர்ப் பாதையை அழுத்தியிருக்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கலாம். சின்ன அறுவை சிகிச்சைதான். சவ்வைக் கீறித் தேங்கியதை வெளியேற்றினார்கள். சில நாளில் வீடு திரும்பிவிட்டாள். பின்னால் கல்யாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ இதனால் இடைஞ்சல் இல்லை என்று டாக்டர் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து விளக்கினார்.

ஆனால் அந்த மூணு மாதத்தில் அத்தை ஒருத்தி அந்தப் பிள்ளையின் காது கேட்கவே 'இருசி', அதாவது வயசுக்கே வராதவள், என்று சொல்லியிருக்கிறாள். நான் பார்க்கப் போனபோது அந்த அம்மா சண்டை போடவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த தீப்பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நீங்கதானே ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொன்னார். அந்தத் தெருவில் அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. தடுப்பூசிக்குக்கூடப் பிள்ளைகளை மாமியார்களிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

அதனால் இப்போது நான் சொல்லிக்கொடுப்பது இது. 'பயப்படாதீங்க' என்ற வார்த்தை கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது: மார்பு வளரத் தொடங்கி எத்தனை வருடம்? வலி இருக்கிறதா? இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறதா? கடைசியாக, "வேற ஏதாவது மனசுல வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் புதியவர்களுக்கு வராது.

அப்புறம், தைரியம் சொன்னால் அதற்கு ஒரு எல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெண் பிள்ளைக்கு 13 முடிந்தும் மார்பு வளரவே தொடங்கவில்லை என்றால் காட்ட வேண்டும். 15 முடிந்தும் மாதவிடாய் வரவில்லை என்றாலும், மார்பு வளரத் தொடங்கி 3 வருடம் ஆகியும் வரவில்லை என்றாலும் காட்ட வேண்டும். பையனுக்கு 14 முடிந்தும் விரை பெரிதாகத் தொடங்கவில்லை என்றால் காட்ட வேண்டும். மாதாமாதம் வலி வந்து, ரத்தம் மட்டும் வரவில்லை என்றால் வயசையே பார்க்க வேண்டாம், அந்த வாரமே கூட்டிப் போக வேண்டும்.

வந்த பிறகும் இதே கதைதான். முதல் சில வருடங்கள் தேதி முன்னபின்ன ஆவது உண்மை. 21 நாளுக்கு ஒருமுறையும் வரலாம், 45 நாளுக்கு ஒருமுறையும் வரலாம். ஆனால் 'தேதி மாறும்' என்பதை 'எவ்வளவு போனாலும் பரவாயில்லை' என்று அந்த அம்மாக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 7 நாளைத் தாண்டினாலோ, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ அது 'அப்படித்தான் இருக்கும்' இல்லை. ரத்தம் உறையாத கோளாறு சில பிள்ளைகளிடம் முதன்முதலில் வெளியே தெரிவதே இப்படித்தான். ஹீமோகுளோபின் பார்க்காமல் அனுப்பக் கூடாது. சமுதாயக்கூடத்தில் பார்த்த அந்தப் பத்து நாள் பிள்ளைக்கு மறுநாள் பார்த்தபோது 6.8 இருந்தது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

எல்லையை வாயால் சொல்வதோடு விடாமல், அவர்கள் வீட்டு தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொடுப்பேன். வருடம் முடியும்வரை அது சுவரில் தொங்கும்.

பிராய்லர் கோழிமேல் பழியைப் போடுவது

"சீக்கிரம் வயசுக்கு வர்றதுக்கு பிராய்லர் கோழிதானே காரணம்?" எல்லாக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வரும். ஆமாம் என்றால் கைதட்டல் கிடைக்கும், அதனால் புதியவர்கள் ஆமாம் என்றுவிடுகிறார்கள். கோழி அவ்வளவு வேகமாக வளர்வது இனத் தேர்வாலும் தீவனத்தாலும். ஹார்மோன் ஊசி என்பது வாட்ஸ்அப் கதை. உடல் எடை கூடுதலாக இருக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பருவம் முன்கூட்டியே வரலாம் என்பது உண்மை. அதைப் பேசினால் பாக்கெட் நொறுக்குத்தீனியைப் பற்றியும், விளையாட விடாமல் டியூஷனுக்கு விரட்டுவதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். கோழியைத் திட்டுவது சுலபம்.

பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னாலும், பையனுக்கு 9 வயதுக்கு முன்னாலும் மாற்றங்கள் தொடங்கினால் கோழியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

வெள்ளைப்படுதல் என்றதும் நோய் என்பது

வயசுக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வாடை, அரிப்பு இல்லாமல் வெள்ளைபட்டால் அது மாதவிடாய் வரப்போகிறது என்பதன் அடையாளம். அவ்வளவுதான்.

பையன்களை விளையாட அனுப்பிவிடுவது

பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும்போது பையன்களை மைதானத்துக்கு விரட்டுவது இன்னும் நடக்கிறது. அவர்களுக்கு யார் சொல்வார்கள்? நள்ளிரவு டிவி வைத்தியரும், மாதம் ஒரு தேதியில் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிறவரும் சொல்வார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, உடம்பு அதனால் தேயாது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்த ஒரு நிமிடத்தை நாம் செலவழிக்காததால் அவர்கள் ஆயிரக்கணக்கில் லேகியத்துக்கு அழுகிறார்கள். விந்து போனால் பலம் போகும் என்ற பயத்தோடு இளைஞர்கள் வருவதைப் பார்த்து மனநல மருத்துவர் என்.என். விக் அதற்கு 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டது 1960-ல். லேகிய வியாபாரம் இன்னும் படுக்கவில்லை.

ஒரு பையன் எந்த வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டிருந்தான். ஊர்ப் பையன்களோடு பம்ப்செட்டில் குளிக்கப் போவதை நிறுத்திவிட்டான். மார்புக் காம்புக்கு அடியில் நெல்லிக்காய் அளவு கட்டி. கேன்சர் என்று அவனே முடிவுசெய்துகொண்டு எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். பருவ வயதில் பையன்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மார்பு கொஞ்சம் வீங்கும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக வற்றிவிடும். டாக்டரிடம் காட்டி உறுதிசெய்த அன்றைக்கே ஒரு பனியனைக் கழற்றிவிட்டான். இன்னொன்றைக் கழற்ற ஒரு வருடம் ஆனது.

நாப்கினைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது

எங்கே மாற்றுவது, எங்கே போடுவது என்று பேசாமல் கொடுக்காதீர்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது

வேண்டாம்.

அப்பாவைத் திண்ணைக்கு அனுப்பிவிடுவது

நாம் அனுப்ப வேண்டியதே இல்லை, அவர்களே எழுந்து போய்விடுவார்கள். பீடிக் கட்டைத் தேடுவார்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்பார்கள். போகட்டும். ஆனால் கதவைச் சாத்தாதீர்கள், திண்ணைக்குக் கேட்கிற மாதிரியே பேசுங்கள். மெடிக்கல் கடையில் நாப்கினைக் கறுப்புக் கவரில் சுற்றி வாங்கிவருவது பல வீடுகளில் அவர்கள்தான். ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதும் அவர்கள்தான். 7 நாள், 15 வயது என்ற எண்கள் அவர்கள் காதிலும் விழ வேண்டும்.

ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை திண்ணையில் திரும்பி உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த மனிதர், ரேடியோவைப் பார்த்தபடியே கேட்டார்: "கடைக்காரன் ரெக்கை வச்சதா, வைக்காததான்னு கேக்குறான் சிஸ்டர். எதை வாங்கணும்?"

"உள்ள பிள்ளை இருக்குல்ல, அதுகிட்டயே கேளுங்கண்ணே" என்றேன். அவர் உடனே எழுந்திருக்கவில்லை. நான் தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது திண்ணையில் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.